காவிரிக்கா, கபினிக்கா? மழைநீரின் வழியை வரைபடத்தில் முடிவு செய்யும் உயரத் தரவுகள்

மைசூரு: மைசூரு நகரின் வடபகுதியில் பெய்யும் மழைநீர் காவிரியை நோக்கி வழிகிறது, தென்பகுதியில் பெய்யும் மழைநீர் கபினியை நோக்கிச் செல்கிறது. திருமகூடலு நரசிபுராவில் கபினி காவிரியுடன் கலக்கும்போதுதான் இவ்விரு நீரும் மீண்டும் ஒன்றுசேர்கின்றன. நகரை இவ்வாறு இரண்டாகப் பிரிக்கும் கோடு கண்ணுக்குப் புலப்படும் மலைத்தொடர் அன்று. தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஊடே செல்லும் தாழ்வான மேட்டுநிலமே அது.

இத்தகைய மேட்டுநிலங்களை அடையாளம் கண்டு நீர்வடிப் பகுதிகளின் எல்லையை வரைவதற்கு, இன்று பெரும்பாலும் செயற்கைக்கோள் வழங்கும் உயரத் தரவுகளே பயன்படுத்தப்படுகின்றன. அத்தரவுகளில் சில மீட்டர் பிழை இருந்தாலும், வரைபடத்தில் எல்லைக்கோடு பல நூறு மீட்டர் விலகக்கூடும். தடுப்பணை எங்கே அமைய வேண்டும், ஏரிக்கு நீர் தரும் நிலம் எது, கழிவுநீர் எந்த ஆற்றைச் சென்றடையும் என்பன போன்ற கேள்விகளுக்கான விடைகள் இக்கோட்டையே சார்ந்துள்ளன. எனவே தரவின் தரம் தொழில்நுட்ப வல்லுநர்களின் அக்கறையோடு நின்றுவிடும் விஷயமன்று.

நீர்வடிப் பகுதி என்றால் என்ன?

ஓர் ஓடையிலோ ஆற்றிலோ ஏரியிலோ ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அப்புள்ளிக்குத் தன் மழைநீரை வழியவிடும் நிலப்பரப்பு முழுவதும் அதன் நீர்வடிப் பகுதியாகும். சுற்றியுள்ள உயரமான இடங்களை இணைத்துச் செல்லும் கோடு அதன் எல்லை. எல்லைக்கு இப்பால் விழும் துளி ஓர் ஓடைக்கும், அப்பால் விழும் துளி வேறோர் ஓடைக்கும் உரியது.

பெரிய நீர்வடிப் பகுதிக்குள் சிறியவை பல அடங்கும். காவிரிப் படுகையின் மொத்தப் பரப்பு 81,155 சதுர கிலோமீட்டர். இதில் தமிழ்நாட்டில் 43,856, கர்நாடகத்தில் 34,273, கேரளத்தில் 2,866, புதுச்சேரியின் காரைக்கால் பகுதியில் 160 சதுர கிலோமீட்டர் அமைந்துள்ளன. இப்படுகையின் ஒரு கிளை கபினிப் படுகை. அதன் உட்பிரிவுகளாகச் சிற்றோடைகளின் பகுதிகள் உள்ளன. மண்வளப் பாதுகாப்புத் திட்டங்களில் அடிப்படை அலகாகக் கொள்ளப்படும் நுண் நீர்வடிப் பகுதிகள், பொதுவாக 500 முதல் 1,000 ஹெக்டேர் வரை பரப்புடையவை.

நிலத்தின் உயரம் அளக்கப்பட்ட வரலாறு

நான்காம் மைசூர்ப் போர் 1799-இல் முடிவுற்ற பின், மைசூர் நாட்டை அளந்து வரைபடமாக்கும் பணியைக் காலின் மெக்கன்சி மேற்கொண்டார். வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, மாபெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக வளர்ந்த இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்ட வரைபடங்களே நீண்ட காலம் நீர்வடிப் பகுதிகளை வரைய ஆதாரமாக இருந்தன. அவற்றில் சமவுயரக் கோடுகள் பெரும்பாலும் 10 அல்லது 20 மீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும். இரு கோடுகளுக்கு நடுவே நிலம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதை வரைபவர் தம் அனுபவத்தால் ஊகித்தறிய வேண்டியிருந்தது.

இந்நிலை 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாறியது. அமெரிக்காவின் எண்டெவர் விண்வெளி ஓடம், ரேடார் கருவிகளுடன் 11 நாள்கள் புவியைச் சுற்றி வந்து, நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரத்தை அளந்தது. இத்தரவு முதலில் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு 90 மீட்டர் கட்ட அளவில் கிடைத்தது. 2014 முதல் 30 மீட்டர் கட்ட அளவிலும் படிப்படியாக வெளியிடப்பட்டது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005-ஆம் ஆண்டு மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. முன்னும் பின்னும் சாய்ந்த இரு கேமராக்களால் ஒரே இடத்தை 2.5 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுத்து, இரு படங்களின் வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணிப்பது அதன் முறை. இரு கண்களால் பார்த்து ஆழத்தை உணர்வதற்கு ஒப்பானது இது. இதிலிருந்து உருவான 30 மீட்டர் கட்ட அளவுத் தரவு புவன் இணையதளம் வழியாகப் பயனர்களுக்குக் கிடைக்கிறது. ஜெர்மனியின் இரட்டைச் செயற்கைக்கோள்கள் திரட்டிய ரேடார் அளவீடுகளைக் கொண்டு உருவான ஐரோப்பாவின் கோபர்னிக்கஸ் உயரத் தரவும் இப்போது பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது.

கணினி எல்லையை எவ்வாறு வரைகிறது?

இத்தரவுகள் அனைத்தும் நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயர எண்ணைத் தருகின்றன. இதற்கு எண்ணிம உயர மாதிரி என்று பெயர். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கும். அவற்றுள் எது மிகச் செங்குத்தான இறக்கத்தில் உள்ளதோ, அதை நோக்கியே நீர் செல்லும் எனக் கணினி கொள்கிறது. 1984-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட இந்த எளிய விதியே இன்றும் பல மென்பொருள்களின் அடிப்படை.

இவ்வாறு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு திசை குறிக்கப்பட்டபின், தேர்ந்தெடுத்த புள்ளிக்கு எந்தெந்தக் கட்டங்களின் நீர் வந்துசேர்கிறது எனப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால் நீர்வடிப் பகுதி கிடைத்துவிடும். மனிதர் பல நாள்கள் செய்த பணியைக் கணினி சில நிமிடங்களில் முடிக்கிறது. ஆயினும், ஒரு கட்டத்தின் உயரம் தவறாக இருந்தால் அதன் திசை தவறும். அத்திசை தவறினால் அதற்கு மேலே உள்ள கட்டங்கள் அனைத்தும் வேறோர் ஓடையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

பிழை பெருகும் இடம் எது?

எல்லாப் பிழைகளும் ஒரே விளைவைத் தருவதில்லை. தரவு முழுவதும் 5 மீட்டர் கூடுதலாக இருந்தால் நீர்வடிப் பகுதியின் எல்லை சற்றும் மாறாது. ஏனெனில் நீர் செல்லும் திசையை முடிவு செய்வது அண்டைக் கட்டங்களுக்கு இடையேயான உயர வேறுபாடு மட்டுமே. இடத்துக்கு இடம் பிழை மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நிலத்தின் சரிவு இச்சிக்கலின் அளவை முடிவு செய்கிறது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற வீதத்தில் இருபுறமும் சரியும் மேட்டுநிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சியிலிருந்து 500 மீட்டர் தொலைவில் உள்ள இடம் உச்சியைவிட 5 மீட்டர் மட்டுமே தாழ்ந்திருக்கும். அவ்விடத்தின் உயரம் தரவில் 5 மீட்டருக்கு மேல் கூடிவிட்டால், உண்மையான உச்சியைவிட அதுவே உயர்ந்ததாகத் தோன்றும். எல்லைக்கோடு அரை கிலோமீட்டர் நகர்ந்துவிடும். சரிவு 100 மீட்டருக்கு 20 மீட்டர் எனில், அதே பிழையால் ஏற்படும் விலகல் 25 மீட்டர் அளவிலேயே நின்றுவிடும்.

குடகில் தலைக்காவிரியைச் சூழ்ந்த மேற்குத் தொடர்ச்சி மலை முகட்டில், கிழக்கே காவிரிக்கும் மேற்கே அரபிக்கடலுக்கும் நீர் பிரியும் கோட்டை எந்தத் தரவைக் கொண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வரைந்துவிடலாம். மைசூருவைச் சுற்றியுள்ள பீடபூமி அவ்வாறானதன்று. சுமார் 1,060 மீட்டர் உயரமுள்ள சாமுண்டி மலையைத் தவிர்த்தால், நகரமும் அதன் சுற்றுப்புறமும் மென்மையான ஏற்ற இறக்கங்களைக் கொண்டவை. மைசூருவின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 முதல் 770 மீட்டர். கிருஷ்ணராஜ சாகர் அணையின் முழு நீர்மட்டம் சுமார் 752.5 மீட்டர். நகருக்கும் நிறைந்த அணையின் நீர்ப்பரப்புக்கும் இடையே உள்ள வேறுபாடே 20 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எண்டெவர் ரேடார் தரவுக்கு வகுக்கப்பட்ட பிழை வரம்போ 16 மீட்டர். பல இடங்களில் உண்மையான பிழை இதைவிடக் குறைவுதான் என்றாலும், இத்தகைய நிலப்பரப்பில் அதுவும் பொருட்படுத்தத் தக்கதே.

உயரத்தின் நுட்பம் இப்பகுதிக்குப் புதிய பாடமன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணய்யா, காவிரி நீரை மைசூருக்குக் கொண்டுவரக் கால்வாய் வெட்ட முனைந்தார். நகரம் ஆற்றைவிட உயரத்தில் இருப்பதால், மேற்புறத்தில் வெகு தொலைவிலிருந்து மிகக் குறைந்த சரிவில் நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அம்முயற்சி நிறைவேறவில்லை. அவர் பெயரால் வழங்கும் கால்வாய், பின்னாளில் குக்கரஹள்ளி ஏரிக்கு மழைநீரைக் கொண்டுசெல்லும் வழியாகவே பயன்பட்டது.

மரமும் கட்டடமும் நிலமாகும்போது

செயற்கைக்கோள் காண்பது பெரும்பாலும் நிலத்தின் மேற்பரப்பை அன்று. அதன்மேல் நிற்பவற்றையே அது காண்கிறது. கேமரா மரங்களின் தலைப்பைப் படமெடுக்கிறது. ரேடார் அலை இலைகளினூடே ஓரளவு மட்டுமே ஊடுருவி, நிலத்தை எட்டுமுன்னரே திரும்பிவிடுகிறது. கபினி அணையின் நீர்ப்பரப்பை ஒட்டியுள்ள நாகரஹொளே, பந்திப்பூர் காடுகளிலும், நிழல் மரங்கள் அடர்ந்த குடகின் காப்பித் தோட்டங்களிலும் இதன் விளைவைக் காணலாம். காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் நிலம் சமமாக இருந்தாலும், தரவில் அங்கே பல மீட்டர் உயரப் படி ஒன்று தோன்றும். அப்படியைக் கணினி உண்மையான மேடாகவே கருதும்.

நகரங்களில் கட்டடங்கள் இதே குழப்பத்தை விளைவிக்கின்றன. நெருக்கமான மாடிக் கட்டடங்களின் வரிசை மேடாகவும், அவற்றுக்கு இடையேயான அகன்ற சாலை பள்ளத்தாக்காகவும் பதிவாகக்கூடும். காலமும் ஒரு காரணி. 2000-ஆம் ஆண்டின் ரேடார் தரவில் உள்ள மைசூரு, இன்றைய மைசூரு அன்று. அதன்பின் உருவான குடியிருப்பு மனைகள், மண் கொட்டி உயர்த்தப்பட்ட சாலைகள், மூடப்பட்ட ஓடைகள் எவையும் அதில் இடம்பெறவில்லை.

மரங்கள், கட்டடங்களின் உயரத்தைக் கழித்து வெற்று நிலத்தின் உயரத்தை மதிப்பிடும் தரவுகளும் வந்துள்ளன. கோபர்னிக்கஸ் தரவைத் திருத்தி, பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட தரவு அத்தகையது. எனினும் இவையும் மதிப்பீடுகளே. நேரடி அளவீடுகள் அல்ல.

ஏரிகளைப் பிழையெனக் கருதும் மென்பொருள்

தரவில் ஒரு கட்டம் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும்விடத் தாழ்ந்திருந்தால், நீர் அங்கிருந்து வெளியேற வழியில்லை. பெரும்பாலான பள்ளங்கள் அளவீட்டுப் பிழைகளே என்பதால், கணக்கைத் தொடங்குமுன் மென்பொருள் அவற்றை நிரப்பிச் சமன் செய்துவிடுவது வழக்கம்.

ஆனால் தென்னிந்தியாவில் பள்ளங்கள் பலவும் உண்மையானவை. குக்கரஹள்ளி, காரஞ்சி, லிங்காம்புதி, தளவாய் ஏரி என மைசூருவின் நீர்நிலைகள், ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி உருவாக்கப்பட்டவை. இவற்றை நிரப்பிவிட்டால் நீர் கரையைத் தாண்டி எங்கே வழிகிறது என்பதைக் கணினி தானே ஊகிக்கிறது. அது காட்டும் இடம் உண்மையான கலிங்காக இல்லாமல், கரையின் வேறொரு தாழ்ந்த முனையாக இருக்கலாம். அவ்வாறாயின், ஒரு ஏரியின் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லும் தொடர்பு வரைபடத்தில் அறுந்துவிடும்.

வரத்துக் கால்வாய்களின் நிலையும் இதுவே. சில மீட்டர் அகலமே உள்ள கால்வாயை 30 மீட்டர் கட்டத்தால் காண இயலாது. ரயில் பாதையின் மண்மேடு தரவில் தெரியும். அதனடியில் நீர் செல்லும் சிறுபாலம் தெரியாது. நிலத்தில் தடையின்றிச் செல்லும் நீர், வரைபடத்தில் அம்மேட்டோரமாகத் திரும்பி வேறு பகுதிக்குப் போய்விடும்.

எந்த மட்டத்திலிருந்து அளந்த உயரம்?

உயரத் தரவுகளைக் கையாள்வோர் தடுமாறும் மற்றோரிடம் அடிமட்டம். சில தரவுகள் சராசரி கடல் மட்டத்தை ஒட்டிய மட்டத்திலிருந்து உயரத்தைக் கூறுகின்றன. வேறு சில, புவியைச் சீரான கணித வடிவமாகக் கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து கூறுகின்றன. எண்டெவர் தரவு முதல் வகை. புவன் தளத்தின் கார்ட்டோசாட் தரவு இரண்டாம் வகை. புவியீர்ப்பு குறைந்த இந்தியப் பெருங்கடல் பகுதியை ஒட்டியிருப்பதால், தென்னிந்தியாவில் இவ்விரு மட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 90 மீட்டர் வேறுபாடு உள்ளது. 765 மீட்டர் உயரமுள்ள இடம் இரண்டாவது தரவில் 680 மீட்டரை ஒட்டிக் காணப்படலாம்.

முழுப் பகுதிக்கும் ஒரே தரவைப் பயன்படுத்தினால் இதனால் தீங்கில்லை. ஒரு தரவில் விடுபட்ட இடத்தை மற்றொரு தரவைக் கொண்டு நிரப்பும்போது மட்டத்தை மாற்ற மறந்தால், நிலத்தில் இல்லாத பெரும் பள்ளமோ சுவரோ வரைபடத்தில் உருவாகிவிடும்.

சிறிய பகுதிக்கே பெரிய பாதிப்பு

எல்லை முழுவதும் 100 மீட்டர் வெளிப்புறமாக விலகியதாக வைத்துக்கொள்வோம். காவிரிப் படுகையைக் கணக்கின் எளிமைக்காக ஒரு சதுரமாகக் கருதினால் அதன் சுற்றளவு சுமார் 1,140 கிலோமீட்டர். கூடுதலாகச் சேரும் பரப்பு 114 சதுர கிலோமீட்டர், மொத்தத்தில் 0.14 விழுக்காடு மட்டுமே. அதே விலகல் 500 ஹெக்டேர் நுண் நீர்வடிப் பகுதியில் நேர்ந்தால் கூடும் பரப்பு சுமார் 89 ஹெக்டேர். அதாவது ஏறத்தாழ 18 விழுக்காடு.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. 100 ஹெக்டேரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்து முழுவதும் வழிந்தால் கிடைக்கும் நீர் 2.5 கோடி லிட்டர். வரைபடத்தில் தவறாகச் சேர்ந்த நிலத்தின் நீரை நம்பிக் கட்டப்படும் தடுப்பணை நிரம்பாது. விடுபட்ட நிலத்தின் நீரைக் கணக்கில் கொள்ளாத அணையோ முதல் பெருமழையிலேயே உடையலாம். நீர்வடிப் பகுதி மேம்பாட்டுத் திட்டங்களின் நிதியும் எல்லையை அடிப்படையாகக் கொண்டே ஒதுக்கப்படுவதால், கோட்டுக்கு வெளியே வரையப்பட்ட விவசாயியின் நிலத்தில் வரப்பும் பண்ணைக்குட்டையும் அமையாமல் போகும்.

நகருக்கும் இது பொருந்தும். மைசூருவின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கேசரே, வித்யாரண்யபுரம், ராயனகெரே ஆகிய மூன்று இடங்களில் அமைந்திருப்பதற்குக் காரணம், நிலத்தின் சரிவு வெவ்வேறு திசைகளில் இறங்குவதே. புதிய குடியிருப்பு எந்தச் சரிவில் அமைகிறது என்பதைத் தவறாகக் கணித்தால், கழிவுநீரை மேட்டுக்கு ஏற்றும் செலவு ஆண்டுதோறும் தொடரும்.

தீர்ப்பில் இடம்பெற்ற நீர்பிரி கோடு

நீர் பிரியும் கோடு எவ்வளவு பெரிய விவாதத்துக்கு அடிப்படையாகலாம் என்பதற்கு பெங்களூரு சான்று. அந்நகரமும் மைசூருவைப் போலவே மேட்டின்மீது அமைந்துள்ளது. மேற்குப் பகுதியின் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்குப் பகுதியின் நீர் தட்சிண பினாகினியில் கலந்து, தமிழ்நாட்டில் தென்பெண்ணையாகப் பாய்கிறது.

காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5 அன்று வழங்கிய இறுதி ஆணையில், பெங்களூருவின் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகைக்குள் அமைந்துள்ளது என்பதைக் கருத்தில்கொண்டு அந்நகரின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பில் இந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. நகரின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. நீரைக் கூடுதலாக வழங்கியது. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில்கொண்டு வழங்கிய 10 டி.எம்.சி.யையும் சேர்த்து, கர்நாடகத்தின் பங்கு 270-இலிருந்து 284.75 டி.எம்.சி.யாக உயர்ந்தது, தமிழ்நாட்டின் பங்கு 419-இலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது.

இவ்வழக்கில் தீர்மானிக்கப்பட்டது உயரத் தரவின் துல்லியம் அன்று. படுகைக்கு வெளியே வாழ்வோரின் குடிநீர் உரிமையே. எனினும், நகரைக் கடக்கும் ஒரு கோடு இரு மாநிலங்களின் நீர்ப் பங்கீட்டுக் கணக்கில் இடம்பெற்றது என்பது கவனத்துக்குரியது.

சரிபார்க்கும் வழிகள்

தரவின் குறைகளைச் சரிசெய்யப் பல முறைகள் உள்ளன. நில அளவைத் துறை வரைபடத்தில் உள்ள ஓடைகளின் தடத்தை உயரத் தரவில் செயற்கையாகத் தாழ்த்திப் பதித்துவிட்டால், நீர் அறியப்பட்ட வழியிலேயே செல்லும். பாலங்களும் சிறுபாலங்களும் உள்ள இடங்களில் மண்மேட்டை வெட்டித் திறந்துவிடலாம். ஏரிகளை நிரப்பாமல், அவற்றின் கலிங்கு இருக்கும் இடத்தைத் தனியே குறித்துக் கொடுக்கலாம். இரண்டு, மூன்று தரவுகளைக் கொண்டு தனித்தனியே எல்லை வரைந்து ஒப்பிடுவதும் பயன்தரும். கோடுகள் ஒன்றிவரும் இடங்களில் நம்பிக்கை கொள்ளலாம், விலகும் இடங்களில் மட்டும் களத்துக்குச் சென்று மட்டம் பார்க்கலாம்.

களஆய்வுக்கு மாற்று இல்லை. மழைக்காலத்தில் எந்த வயலின் நீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது என்பதை அவ்வூர் விவசாயிகளும் நீர் பாய்ச்சுவோரும் நன்கறிவர். சமநிலத்தில் எல்லையை உறுதிசெய்ய, அவர்களுடன் நடந்து சென்று பார்ப்பது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் துல்லியமாகும்.

மேம்பட்ட தரவுக்கான முயற்சிகளும் தொடங்கியுள்ளன. மத்திய அரசு 2022 டிசம்பரில் அறிவித்த தேசிய புவிசார் கொள்கை, நாடு முழுமைக்கும் உயர் துல்லிய உயர மாதிரியை உருவாக்க 2030-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டுள்ளது. சமவெளிகளில் 25 சென்டிமீட்டர், மலைப்பகுதிகளில் 1 முதல் 3 மீட்டர் என்பது அதில் குறிக்கப்பட்டுள்ள துல்லிய அளவு. லேசர் கதிரைக் கொண்டு வானூர்தியிலிருந்து அளக்கும் முறை, மர இடைவெளிகளின் வழியே நிலத்தை எட்டுவதால் காட்டுப் பகுதிகளுக்கும் ஏற்றது.

அத்தரவு கைக்கு வரும்வரை, ஒவ்வொரு நீர்வடிப் பகுதி வரைபடத்திலும் எந்த ஆண்டின் எந்தத் தரவு பயன்படுத்தப்பட்டது, அதன் கட்ட அளவு என்ன, எந்தெந்த இடங்களில் களத்தில் சரிபார்க்கப்பட்டது என்னும் விவரங்களைக் குறிப்பிடுவது அவசியம். திட்ட அறிக்கையைக் கையில் வாங்கும் ஊராட்சி உறுப்பினரும் விவசாயியும், தம் நிலத்தின் வழியே செல்லும் கோட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அப்போதுதான் அறிய முடியும்.